நீலகிரியில் வரும் வாரம்: உறைபனி எந்தெந்த இரவு, எந்தெந்தப் பள்ளத்தில்?

மலைவானிலை, ஊட்டி | ஞாயிறு மாலை

காணும் பொங்கல் கூட்டம் மலையிறங்கிவிட்டது. மழையும் விலகிவிட்டது. கிழக்கிலிருந்து வரும் காற்றில் ஈரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இன்று மதியம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இந்தப் பருவத்தின் கடுமையான இரவுகள் இந்த வாரத்தில்தான் வரும் என்று நினைக்கிறேன். தோட்டம் வைத்திருப்பவர்கள் நாளைப் பகலுக்குள் தயாராகிவிடுங்கள்.

இன்றிரவு ஊட்டி நகரத்துக்குள் 5, 6 டிகிரி இருக்கும். தலைக்குந்தா, காந்தல், பைக்காரா பக்கம் அதைவிட மூன்று டிகிரியாவது குறையும். புல் வெளுக்கும், ஆனால் பெரிய சேதம் இருக்காது.

திங்கள் இரவும் செவ்வாய் இரவும்தான் எனக்குக் கவலை. காற்று அடங்கும், வானம் முழுக்கத் திறந்திருக்கும். நகரத்தில் 3 முதல் 5, தலைக்குந்தா, அவலாஞ்சி, அப்பர் பவானி, பார்சன்ஸ் வேலி மாதிரியான தாழ்வான திறந்தவெளிகளில் 0 முதல் 2. புல் மட்டத்தில் மைனஸுக்குப் போகும். கேத்திப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதன் இரவு பாதி வரைக்கும் அதே கதை. விடியலுக்கு முன் மெல்லிய உயர்மேகம் வரலாம். அது வந்தால் சேதம் கொஞ்சம் குறையும், ஆனால் அதை நம்பி யாரும் செடியைத் திறந்து போட வேண்டாம். வியாழன் இரவு நிலைமை மாறத் தொடங்கும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் குமரிக்கடல் பக்கம் ஒரு கீழடுக்குச் சுழற்சி நகரும் என்று வானிலைக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. குன்னூர், கோத்தகிரியில் மேகமூட்டமும் தூறலும் இருக்கும். இரவு வெப்பநிலை 8, 9க்கு ஏறும், பகல் 15, 16ஐத் தாண்டாது. உறைபனி இல்லாவிட்டாலும் உடம்புக்கு அந்த இரண்டு நாள்தான் அதிகக் குளிராகத் தெரியும், வெயில் இருக்காதே.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையிலும் "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இரவு, அதிகாலை வேளையில் உறைபனிக்கு வாய்ப்பு" என்ற வரி வந்திருக்கிறது. அந்த ஓரிரு இடம் உங்கள் தோட்டமா இல்லையா என்பதை அறிக்கை சொல்லாது. அதற்காகத்தான் இந்த இழை. உங்கள் இடத்தின் உயரம், சரிவு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதினால் சேர்ந்து யோசிக்கலாம்.

கேத்தி கேரட்

அண்ணா, செல்லுல 5 டிகிரின்னு காட்டுது. பூஜ்யத்துக்கு வந்தாத்தானே தண்ணி உறையும்? போன வாரமும் 5ன்னுதான் காட்டுச்சு, காலைல போய்ப் பாத்தா பீன்ஸ் பந்தல் பூரா வெள்ளையா நிக்குது. எதை நம்பறது?

மலைவானிலை, ஊட்டி

தம்பி, அந்த 5 டிகிரி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானிக்கான கணக்கு. உங்க பீன்ஸ் இலை பெட்டிக்குள் இல்லை. அது நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரையும் இலையும் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை வானத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்று அசையாவிட்டால் மேலே இருக்கும் வெதுவெதுப்பு கீழே வந்து கலக்காது. அப்படிப்பட்ட இரவில் பெட்டிக்கும் புல்லுக்கும் 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். அதனால் செல்லில் 5 என்றால் உங்கள் இலையில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி பூமியை 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நம் வானிலைத் துறை 2025ல் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர். தொட்டபெட்டா உச்சியிலிருந்து கேத்திப் பள்ளத்தாக்கு வரைக்கும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மாதிரி அந்த மேடு பள்ளத்தையெல்லாம் சமப்படுத்தித்தான் ஒரு எண்ணைத் தருகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டபெட்டா 2637 மீட்டர், ஊட்டி நகரம் சுமார் 2240. பகலில் உச்சிதான் குளிர். உறைபனி இரவில் தலைகீழ், பள்ளம்தான் அதிகமாகக் குளிரும். உங்களுக்கு மேலே முப்பது, நாற்பது அடி உயரத்தில் வீடு வைத்திருப்பவர் "எங்க பக்கம் ஒண்ணுமே விழலையே" என்று சொன்னால் அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று விஷயம் பாருங்கள். மேகம் உண்டா? மரக்கிளை நுனி ஆடுகிறதா? ஈரப்பதமானி இருந்தால் பனிநிலை எத்தனை? முதல் இரண்டும் இல்லை, பனிநிலை பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால், அன்றைக்கு நிச்சயம் மூடுங்கள்.

முள்ளிகூர் தோட்டம்

பனிநிலைன்னா நீர்ப்பனி விழ ஆரம்பிக்கிற வெப்பநிலைதானே? ஈரம் அதிகமா இருந்தா பனி அதிகமா விழும், அப்ப சேதமும் அதிகம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க ஈரம் கம்மியா இருந்தா ஆபத்துங்கறீங்க.

மலைவானிலை, ஊட்டி

ஆமாம் ஐயா, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் 5, 6 டிகிரியிலேயே இலைமேல் நீர்ப்பனி படிய ஆரம்பிக்கும். ஆவி நீராகும்போது வெப்பத்தை வெளியே விடும், அதனால் வெப்பநிலை அங்கேயே கொஞ்ச நேரம் தடுமாறி நிற்கும். மூடுபனி எழுந்தால் அதுவே ஒரு போர்வை. நவம்பரில் நமக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

காற்று வறண்டிருந்தால் அந்தத் தடுப்பு இல்லை. வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். சில இரவுகளில் வெள்ளையே படியாது, ஆனால் செடிக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடும். காலையில் பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும், பத்து மணிக்கு மேல் வெந்த கீரை நிறத்துக்கு வந்து மறுநாள் கருகும். செவ்வாய் இரவு எனக்கு அந்தப் பயம்தான். காலையில் வெள்ளை இல்லை என்று யாரும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

முள்ளிகூர் தோட்டம்

சரி. அப்ப ஒரு கேள்வி. எங்க அப்பா காலத்துலேர்ந்து தோட்டத்து ஓரத்துல ஈர இலை, குப்பை போட்டு மூட்டம் போடுவோம். புகை செடிமேல கவிஞ்சா பனி தாக்காதுன்னு. இப்ப சின்னப் பசங்க அது வேஸ்ட்டுன்னு சொல்றாங்க. எங்க கண்ணால பலன் பாத்திருக்கோமே?

பசுந்தேயிலை

ஐயா, நாங்களும் போட்டிருக்கோம். ஆனா பலன் கிடைச்ச இடம் எல்லாம் நெருப்புக்குப் பக்கத்துல இருந்த வரிசைதான். புகை மட்டும் போன இடத்துல தேயிலை கருகத்தான் செஞ்சுது. எனக்கு அதுல இப்ப நம்பிக்கை இல்லை.

மலைவானிலை, ஊட்டி

அக்கா சொல்வது சரி. செடியிலிருந்து மேலே போகும் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலை. புகைத்துகள் அதை அவ்வளவாகத் தடுக்காது. மேகத்தில் இருக்கும் நீர்த்துளிகள்தான் தடுக்கும். புகை அடர்த்தியாகத் தெரிவதால் போர்வை என்று நம்புகிறோம். உண்மையில் உதவுவது நெருப்பின் சூடு. அதுவும் பெரிய நெருப்பு ஒன்று போட்டால் சூடு நேராக மேலே ஏறிப் போய்விடும், சின்னச் சின்னதாகப் பல இடத்தில் இருந்தால்தான் பக்கத்துக் காற்று கலங்கும்.

அதைவிட முக்கியம், இப்போது புல் எல்லாம் பனியில் காய்ந்து சருகாகிவிட்டது. வனத்துறை தீத்தடுப்புக் கோடு போடும் நேரம் இது. காட்டோரத் தோட்டத்தில் இரவு நெருப்பை விட்டுவிட்டுத் தூங்கப் போவது பெரிய ஆபத்து. காலையில் அந்தப் புகை பள்ளத்திலேயே தேங்கி வெயிலை மறைத்தால், செடி சூடேறுவதும் தாமதமாகும். தயவுசெய்து இந்த வாரம் மூட்டம் வேண்டாம் ஐயா. அந்த வேலையாட்களை மாலை மூடாக்குப் போட வைத்துக்கொள்ளுங்கள்.

பசுந்தேயிலை

மூடறதைப் பத்தி எங்க அனுபவத்தைச் சொல்றேன், எமரால்டு பக்கம் இருக்கற சிறு தேயிலை விவசாயி நான். தாகைங்கற காட்டுச் செடியை வெட்டிட்டு வந்து தேயிலை மேல பரப்புவோம். கவாத்து அடிச்ச தோட்டத்துல புதுக் கொழுந்து விடற நேரம்னா அதுக்குத்தான் முதல்ல போடணும், முத்தின செடி ஓரளவு தாங்கும். ஓடைக்கரை ஓரமா இருக்கற கீழ் வரிசைகள்தான் எப்பவும் முதல்ல கருகுது. எல்லாத்துக்கும் போட ஆள் கிடைக்காது, அதனால கீழேயிருந்து ஆரம்பிச்சு மேல போங்க.

சில்வர் ஓக் நிழல் மரம் இருக்கற இடத்துல சேதம் கம்மியா இருக்கு. நிழலுக்கு மட்டும்தான் மரம்னு சொல்லி நிறைய வெட்டிட்டாங்க. குளிர்காலத்துல அதோட அருமை தெரியுது.

ஊட்டித் தாவரவியல் பூங்காவுலயும் அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிட்டு வந்து மேல நிறுத்துவாங்க, பாத்திருப்பீங்க. அதே தத்துவம்தான்.

மலைவானிலை, ஊட்டி

நிழல் மரத்தைப் பற்றி அக்கா சொன்னதும் சோலைக்காடு நினைவுக்கு வருகிறது. மேல்மலையில் சோலை ஒரு பக்கம், புல்வெளி ஒரு பக்கம், நடுவில் கோடு கிழித்தாற்போல் இருக்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் அந்தக் கன்றை உறைபனி கருக்கிவிடுகிறது, அதனால்தான் சோலை பரவவில்லை என்று வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938லேயே எழுதினார். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இரவில் சோலைக்குள் நின்று பார்த்து, பத்தடி தள்ளிப் புல்வெளிக்கு வந்து நின்றால் வித்தியாசம் தோலுக்கே தெரியும். மேலே இலை விதானம் இருந்தால், வானத்துக்குப் போகும் வெப்பத்தில் ஒரு பகுதி கீழேயே திரும்பும். நாம் தாகை போடுவதும் அதற்காகத்தான்.

மூடுவதில் சில விஷயம். வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே, மண்ணில் சூடு இருக்கும்போதே மூடுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போர்த்தினால் குளிரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். பிளாஸ்டிக் தாள் போடுபவர்கள் குச்சி நட்டுச் செடியைத் தொடாமல் போடுங்கள், தொட்ட இடத்தில் இலை உறையும். காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு எடுத்துவிடுங்கள்.

கேத்தி கேரட்

கீழ வைக்கோல் பரப்பறது? மண்ணு சூடு போகாம இருக்கும்ல?

மலைவானிலை, ஊட்டி

இந்த வாரம் வேண்டாம் தம்பி. வைக்கோலுக்குக் கீழே மண் சூடாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சூடு செடிக்கு வராது. வைக்கோலின் மேல்பரப்பு வெறும் மண்ணைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும், இலை இருப்பது அங்கேதான். வெறும் மண், அதுவும் ஈரமான மண், பகலில் அதிக வெப்பத்தை வாங்கி வைத்து ராத்திரியில் மெதுவாக விடும். நாளை மதியத்துக்குள் லேசாகத் தண்ணீர் கட்டுங்கள். வரிசைக்கு நடுவில் களையும் புல்லும் உயரமாக இருந்தால் வெட்டிவிடுங்கள். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் வேலியோ புதரோ அடைத்துக்கொண்டு இருந்தால் ஒரு வழி திறந்துவிடுங்கள், தேங்கும் குளிர்காற்று வெளியேறட்டும்.

முள்ளிகூர் தோட்டம்

ஸ்பிரிங்ளர் ஓட்டலாமா? பக்கத்துத் தோட்டத்துல போன பனிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்திட்டாங்க. ஓட்டாத எங்க தோட்டத்தை விட அவங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

மலைவானிலை, ஊட்டி

அவர்கள் நடுவில் நிறுத்தியதுதான் காரணம். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை விடும். தண்ணீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. நிறுத்தினால் கதை மாறிவிடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 600 கலோரி வேண்டும், அதை இலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நனைந்த செடி நனையாத செடியைவிட அதிகம் குளிரும்.

ஆகவே ஓட்டினால் உறையத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்து, வெயில் வந்து பனிக்கட்டி உருகும்வரை விடாமல் ஓட்ட வேண்டும். அதற்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மின்சாரம் நிற்காமல் வருமா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். காலையில் வெயில் ஏறும்போது இலைமேல் படிந்த பனியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவது வேறு வேலை. அதைப் பூங்காவிலும் செய்கிறார்கள், நீங்களும் செய்யலாம்.

கோத்தகிரி கிழக்கு

வெள்ளிக்கிழமை மேகம்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்கு வியாழன் மதியமே வந்துடும்னு நான் சொல்வேன். கிழக்குக் காற்று ஈரத்தோட வந்தா மேட்டுப்பாளையம் பக்கத்துச் சரிவுல ஏறி முதல்ல முட்டறது கோத்தகிரி, கோடநாடு, குன்னூர்தான். மாதிரிகள் இந்தக் கிழக்கலையை (கிழக்கேயிருந்து நகர்ந்து வர்ற மழைச் சலனம்) எப்பவுமே அரை நாள் தாமதமாத்தான் காட்டுது. ஈரம் அதுக்கு முந்தின ராத்திரியே ஏற ஆரம்பிச்சிடும், அதனால புதன் இரவுக்கு எங்க பக்கம் உறைபனி எச்சரிக்கை தேவையில்லைங்கறது என் கருத்து. இங்க ஆளுங்க கூலி குடுத்து மூடாக்குப் போட்டுட்டு ஒண்ணும் வரலைன்னா அடுத்த தடவை நம்ப மாட்டாங்க.

மலைவானிலை, ஊட்டி

கிழக்குச் சரிவுக்கு முதலில் வரும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கோத்தகிரி சுமார் 1800 மீட்டர், குன்னூர் 1850. உயரமும் குறைவு, வடகிழக்குக் காற்றின் ஈரமும் அங்கேதான் முதலில் சேரும். உங்களுக்குப் புதன் இரவு உறைபனி வாய்ப்பு குறைவு என்று மாற்றிச் சொல்லலாம்.

ஆனால் மேற்கே குந்தா, அவலாஞ்சி, அப்பர் பவானிக்கு அந்த மேகம் வந்து சேர நேரமாகும். உங்கள் ஊரில் தூறிக்கொண்டிருக்கும்போதே அங்கே நட்சத்திரம் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே எதிர்ப்புறம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது கிழக்குப் பக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. ஒரே மாவட்டத்துக்கு ஒரே முன்கணிப்பு எழுதுவது நீலகிரிக்கு எந்தக் காலத்திலும் பொருந்தாது.

கூலி விஷயம் நியாயமான கவலை. அதனால் புதன் மாலை 5 மணிக்குச் செயற்கைக்கோள் படம் பார்த்துவிட்டு கிழக்கு, மேற்கு என்று தனித்தனியாக எழுதுகிறேன். மேற்கே இருப்பவர்கள் காத்திருக்காமல் மூடிவிடுங்கள்.

மன்னவனூர் மேல்மலை

கொடைக்கானல் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏரி, ஜிம்கானா மைதானம் பக்கம் விழறதைத்தான் பத்திரிகையில போடறாங்க. எங்க மேல்மலையில பூண்டு நிக்குது, கேரட் இருக்கு.

மலைவானிலை, ஊட்டி

திங்கள், செவ்வாய் உங்களுக்கும் அப்படித்தான். மன்னவனூர், கவுஞ்சி மாதிரி நடுவில் ஓடை ஓடும் திறந்த புல்வெளிப் பள்ளங்களில் கவனம் வேண்டும். சரிவில் படிக்கட்டு நிலம் வைத்திருக்கும் பூம்பாறைக்காரர்களுக்குக் காற்று வழிந்து கீழே போய்விடும், மேல் படிகள் தப்பிக்கும். பூண்டும் கேரட்டும் குளிரைத் தாங்கும் பயிர்கள், லேசான உறைபனிக்குப் பயப்பட வேண்டாம். பீன்ஸ், உருளை இருந்தால் அவற்றை முதலில் காப்பாற்றுங்கள். குமரிக்கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மேகமும் உங்களுக்கு எங்களைவிட முந்தி வரும், வியாழன் காலையிலேயே பார்க்கலாம்.

கோவைப் பயணி

வாட்சப்ல "ஊட்டியில் மைனஸ் 8, பனிமழை" னு வீடியோ வருது. குழந்தைங்க பாக்கணும்னு அடம் பிடிக்கறாங்க. செவ்வாய்க்கிழமை வரலாம்னு இருக்கோம். எங்க போனா பாக்கலாம்?

மலைவானிலை, ஊட்டி

அந்த வீடியோ இங்கே எடுத்தது இல்லை. காஷ்மீர், இமாச்சல் மாதிரி மேலேயிருந்து பனி கொட்டுவது இங்கே நடப்பதில்லை. அங்கே மேற்கத்திய இடையூறுகள் (மேற்கேயிருந்து வரும் குளிர்கால மழைச் சலனங்கள்) ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, அவை நம் மலைவரைக்கும் அந்த வலுவோடு வருவதில்லை. இங்கே தரையிலேயே, புல்லிலேயே உருவாகும் உறைபனிதான். அதுவும் பார்க்க அழகுதான்.

செவ்வாய் அல்லது புதன் காலை சூரிய உதயத்துக்கு முன்னால் தலைக்குந்தா, காந்தல் பக்கம் சாலையோரமாக நின்றாலே தெரியும். எட்டு மணிக்கு மேல் வந்தால் ஈரப் புல்தான் இருக்கும். தோட்டத்துக்குள் இறங்கிவிடாதீர்கள். உறைந்த இலையை மிதித்தாலோ கையால் தடவினாலோ அப்படியே உடைந்து செத்துப்போகும். இ-பாஸ் பதிவு செய்துவிட்டு வாருங்கள். கல்லட்டிப் பாதை 36 வளைவு கொண்ட செங்குத்தான இறக்கம், வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, மசினகுடிக்கு அந்த வழியாகத் திட்டம் போடாதீர்கள். காலையில் முன்கண்ணாடி உறைந்திருந்தால் கொதிக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

செவிலி, ஊட்டி

பயணிகளுக்கும் தோட்ட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்போ, பார்பிக்யூ சட்டியோ வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். புகை தெரியாவிட்டாலும் கரி கனிந்துகொண்டு இருந்தாலே கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். நெருப்பு அணைந்துவிட்டது என்று உள்ளே எடுத்து வைக்கும் சட்டிகூடக் கொல்லும். இந்த மாதிரிக் குளிர் வாரங்களில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. கம்பளி, வெந்நீர்ப் பை, இரண்டு காலுறை, இவை போதும்.

விடிகாலை கேரட் பிடுங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஈரக் கையுறையோடு வேலை செய்யாதீர்கள், மாற்று ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிகள் கேரட் கழுவும் இடத்தில் ஒரு பானை சுடுதண்ணீர் வைத்துக்கொடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் செவ்வாய், புதன் வெயில் வந்த பிறகு வெளியே வந்தால் போதும்.

கேத்தி கேரட் | செவ்வாய் காலை

அண்ணா, நேத்து சாயங்காலம் பாதித் தோட்டத்துக்குத்தான் மூட முடிஞ்சுது. மூடின பீன்ஸ் தப்பிச்சுது. மூடாத கீழ்வரிசை பூரா வெள்ளை. கேரட் தழை மேல படிஞ்சிருக்கு, ஆனா நிமிர்ந்துதான் நிக்குது. கீழ் வேலியில ஒரு ஆள் அகலத்துக்கு வெட்டிவிட்டேன், அந்த வழிக்கு நேரா இருக்கற மூணு பாத்தியில வித்தியாசம் தெரியுது. இன்னைக்கு மிச்சத்தையும் வெட்டறேன். ஆள் சேத்துட்டேன், மதியம் மூணு மணிக்கெல்லாம் மூடிடுவோம்.

முள்ளிகூர் தோட்டம்

எங்க பக்கமும் நல்ல வெள்ளை. வாசல்ல வாளித் தண்ணி மேல ஏடு மாதிரி ஐஸ். மூட்டம் போடலை. தைப்பனி தரையைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

மலைவானிலை, ஊட்டி | புதன் மாலை

செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் விளிம்பு தென்கிழக்கே கடலோர மாவட்டங்களைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கோத்தகிரி நண்பர் சொன்னதுபோல் மாதிரிகள் காட்டியதைவிட வேகமாகவே வருகிறது. கோத்தகிரி, கோடநாடு, குன்னூர் இன்றிரவு மூட வேண்டியதில்லை. ஊட்டி நகரம், கேத்தி இரண்டுக்கும் நள்ளிரவு வரை குளிரும், பிறகு மேகம் வரும், லேசான உறைபனியோடு போகும். தலைக்குந்தாவுக்கு மேற்கே எல்லோரும் இன்றும் மூடுங்கள். குந்தா, அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி பக்கம் இன்றைய பனிநிலை நேற்றைவிடக் கொஞ்சம்தான் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெள்ளி, சனி கணிப்பில் மாற்றம் இல்லை. ஞாயிறு சுழற்சி அரபிக்கடல் பக்கம் போனதும் வானம் திறக்கும். மண் ஈரமாக இருப்பதால் முதல் இரவில் மூடுபனிதான் எழும், உறைபனி அவ்வளவு இருக்காது. அன்று இரவு குன்னூர், கோத்தகிரி மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்குள் மண் காய்ந்து மறுபடியும் உறைபனி வரும்.

பசுந்தேயிலை

இந்த மூணு நாள்ல கருகின கொழுந்தை உடனே வெட்டிடலாமா? மரம் மாதிரி நிக்குது, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. பசுந்தேயிலைக்கு ஏற்கெனவே விலை இல்லை, இதுல இது வேற.

மலைவானிலை, ஊட்டி

அவசரப்பட்டு வெட்ட வேண்டாம் அக்கா. அடுத்த வாரம் மறுபடி உறைபனி வரப்போகிறது. கருகிய மேல் இலையே கீழே உயிரோடு இருக்கும் மொட்டுக்கு மூடாக்காக இருக்கும். இப்போது வெட்டினால் புதுத்தளிர் கிளம்பும், அதுவும் அடுத்த பனியில் போகும். பனிக்காலம் ஓயட்டும், எந்த இடம்வரை காய்ந்திருக்கிறது என்று தளிர் விடுவதைப் பார்த்துத் தெரிந்த பிறகு வெட்டலாம். அதற்கு முன் குன்னூர் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) ஆலோசனை மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சேதம் பெரிதாக இருந்தால் வெயிலில் தெளிவாக நாலு படம் எடுத்து, தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கொடுங்கள். வெட்டிய பிறகு போனால் காட்ட ஒன்றும் இருக்காது.

கேத்தி கேரட்

நீர்போக உருளைக்கு (தை, மாசியில நட்டுத் தண்ணி பாய்ச்சறது) நிலம் தயாரா இருக்கு. இந்த வாரம் நட்டுடலாமா, இல்ல பனி போகட்டுமா?

மலைவானிலை, ஊட்டி

நடலாம் தம்பி. விதைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மேலே விழும் உறைபனி அதைத் தொடாது, இரண்டு மூன்று வாரத்துக்கு முளை வெளியே வராது. வெள்ளி, சனி தூறல் நம் பக்கமும் எட்டிப் பார்த்தால் மண் ஈரத்துக்கும் நல்லது. பள்ளத்தை ஒட்டிய கடைசிப் பாத்திகளை மட்டும் பத்து நாள் தள்ளி நடுங்கள், அங்கே முளைவிடும் நேரத்தில் மாசிப்பனி மிச்சம் இருக்கும். மேல் பாத்திகளில் வெள்ளிக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.